23 விஷயங்கள்: நூலகருக்கு யார் நேரம் கொடுக்கிறது?

[பாட்காஸ்ட் அத்தியாயத்தின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.]



நூலகம்னு எடுத்தாலே நாம வாசகர்களைப் பத்திப் பேசுவோம், புத்தகங்களைப் பத்திப் பேசுவோம், கட்டடத்தைப் பத்திக்கூட பேசுவோம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவங்களைப் பத்தி அதிகமா யாரும் பேசறதில்ல. அவங்க புதுசா வர்ற இணையக் கருவிகளை எப்படிக் கத்துக்கறாங்க, பல சமயம் ஏன் கத்துக்க முடியாமப் போகுது, இதுதான் இன்னைக்கு விஷயம்.

"நூலகத்துல கம்ப்யூட்டர் இருக்கு சார், நெட்டும் இருக்கு. ஆனா ஏதாவது கேட்டா அங்க இருக்கிறவங்களுக்கே தெரியல." இந்தப் புகாரை நான் எங்க போனாலும் கேட்கறேன். நியாயமான கோபம்தான், நான் மறுக்க மாட்டேன். இருபது வருஷத்துக்கு மேல நூலகத்துல வேலை பார்த்தவன், இப்ப நூலகப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கறதும் என் வேலையில ஒரு பங்கு. அதனால இந்தக் கோபம் ஒரு வகையில என் மேலயும் வர்ற கோபம். ஆனா நான் பதிலுக்கு ஒண்ணு கேட்பேன். அவங்களுக்கு யார், எப்போ, எப்படிச் சொல்லிக் கொடுத்தாங்க?

பயிற்சி வழக்கமா எப்படி நடக்கும்னு சொல்றேன். மாவட்டத் தலைநகர்ல ஒரு அரங்கம். எண்பது பேர், நூறு பேர். சில பேர் காலையில ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சு வந்திருப்பாங்க. முன்னாடி ப்ரொஜெக்டர்ல ஒரு இளைஞர் வேகமா எதையோ சொடுக்கிக்கிட்டே போவார். "இங்க கிளிக் பண்ணுங்க, இது வரும், இங்க கிளிக் பண்ணுங்க, அது வரும்." பின்வரிசையில இருக்கிறவங்களுக்கு எழுத்தே தெரியாது. பதினோரு மணிக்கு டீ, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ. ஊருக்குத் திரும்பினா காலையில நூலகத்தைத் திறக்கணும், பேப்பர் வாசிக்க ஆட்கள் காத்திருப்பாங்க, வருகைப் பதிவேடு, இரவல் பதிவேடு, வந்து இறங்கின புத்தகக் கட்டு. பயிற்சியில எழுதிக்கொடுத்த பாஸ்வேர்டு துண்டுச்சீட்டு டிராயருக்குள்ள போயிடும். ரெண்டு வாரத்துல எல்லாம் மறந்துடும். தப்பு மறந்தவங்க மேல இல்ல. அப்படி ஒரு நாள்ல உட்காரவைச்சுக் காட்டினா யாருக்குமே நிக்காது.

இதுக்கு மாற்றா என்ன பண்ணலாம்னு யோசிக்கறப்போ எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது அமெரிக்காவுல நடந்த ஒரு விஷயம். நூலகத் துறையில இருக்கிறவங்க பல பேருக்கு இது தெரிஞ்சிருக்கும், மத்தவங்களுக்காகக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

வட கரோலினா மாநிலத்துல சார்லட்னு ஒரு நகரம். அந்த நகரத்துக்கும் மெக்லன்பர்க் மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு பொது நூலக அமைப்பு, நிறையக் கிளைகள். 2006இல் அங்கே தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர் ஹெலீன் ப்ளோவர்ஸ். அந்த வருஷத்தை நினைச்சுப் பாருங்க. ஐபோன் இன்னும் வரல. யூடியூப் பிறந்து ஒரு வருஷம்தான் ஆகுது. வலைப்பூ, ஃப்ளிக்கர், விக்கி, ஆர்எஸ்எஸ்னு தினமும் ஒரு புதுப் பெயர். நூலகத்துக்கு வர்ற பசங்களுக்கு இதெல்லாம் தெரியுது, மேசையில இருக்கிறவங்களுக்குத் தெரியல. நம்ம ஊர்ல இன்னைக்கு இருக்கிற அதே நிலைமைதான்.

அவங்க வகுப்பு எடுக்கல. 23 சின்னச் சின்ன வேலைகளைப் பட்டியல் போட்டாங்க. ஸ்டீஃபன் ஏப்ரம்னு ஒரு நூலகர் அதே வருஷம் எழுதின ஒரு கட்டுரைதான் இதுக்குத் தூண்டுகோல். 'இந்த வருஷம் செஞ்சு பார்க்கலாம்'னு அவர் 43 விஷயங்களை அடுக்கியிருந்தார். ப்ளோவர்ஸ் அந்த யோசனையை எடுத்து 23ஆச் சுருக்கி, ஒன்பது வாரத்துக்குப் பிரிச்சு வைச்சாங்க. சொந்தமா ஒரு வலைப்பூ ஆரம்பி. ஃப்ளிக்கர்ல ஒரு படத்தைத் தேடி அதைப் பத்தி எழுது. லைப்ரரிதிங்குல உன்கிட்ட இருக்கிற சில புத்தகங்களைச் சேர்த்துப் பார். ஒரு விக்கிப் பக்கத்துல உனக்குப் பிடிச்சதை எழுதிட்டு வா. யூடியூப்ல ஒரு வீடியோ பார்த்துட்டு, நூலகத்துக்கு இது எதுக்காவது உதவுமான்னு யோசி. பாட்காஸ்ட்டும் அந்தப் பட்டியல்ல இருந்தது. நீங்க இப்ப காதுல மாட்டிக் கேட்டுக்கிட்டு இருக்கிற இதே சமாசாரம்தான்! திட்டத்துக்கு 'லேர்னிங் 2.0'ன்னு பேர் வைச்சாங்க, ஆனா எல்லாரும் '23 விஷயங்கள்'னுதான் சொன்னாங்க.

முடிச்சவங்க எல்லாருக்கும் ஒரு எம்பி3 பிளேயர் பரிசு, குலுக்கல்ல ஒருத்தருக்கு லேப்டாப். இதைக் கேட்டதும் நம்ம ஆட்கள் "பரிசு கொடுத்தா யார்தான் பண்ண மாட்டாங்க"ன்னு சிரிப்பாங்க. சிரிக்கலாம். ஆனா நான் இந்தத் திட்டத்தைப் பத்திப் படிச்ச வரைக்கும், பரிசைவிடப் பெரிய வேலை செஞ்சது வேற ரெண்டு ஏற்பாடுன்னு நினைக்கறேன்.

ஒண்ணு, சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. தெரியலேன்னா பக்கத்து மேசையில கேட்டுக்கோ, அவங்களுக்கும் தெரியலேன்னா ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிங்க. கேட்க முரட்டுத்தனமா இருக்கு இல்லையா? ஆனா நூலகர்னா யாரு? தெரியாத கேள்விக்குப் பதில் தேடறதுதான் அவங்க தொழிலே. அதை அவங்க சொந்தக் கேள்விக்கே செய்யச் சொன்னாங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. அந்த வலைப்பூவைப் புனைபெயர்ல எழுதலாம். "இன்னைக்கு இதை முயற்சி பண்ணேன், ஒண்ணும் புரியல, எரிச்சலா இருக்கு"ன்னு தைரியமா எழுதலாம், மேலதிகாரிக்கு அது யாருன்னு தெரியவேண்டியதில்ல. ஐம்பது வயசுல, முப்பது வருஷ சர்வீஸ்ல, "எனக்கு இது தெரியல"ன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு அந்தத் திட்டம் போட்டவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. கருவி கத்துக்கறதுல கஷ்டம் பாதிக்கு மேல விரல்லயோ மூளையிலயோ இல்லைங்க. அது கூச்சம்.

சேர்ந்தவங்க எல்லாருமே முடிச்சிடல, அதையும் சொல்லணும். ஆனாலும் விஷயம் பரவிச்சு. யார் வேணா எடுத்து மாத்திக்கலாம்னு படைப்பாக்கப் பொதும உரிமத்துல விட்டுட்டாங்க. ஆஸ்திரேலியாவுல மெல்பர்ன் பக்கத்து யாரா ப்ளென்டி நூலகங்கள் எடுத்தாங்க, 2010இல் இங்கிலாந்துல ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்காரங்க அவங்கவங்களுக்கு ஏத்த மாதிரி நடத்தினாங்க. நூத்துக்கணக்கான நூலகங்கள்.

இப்ப கொஞ்சம் சங்கடமான பகுதிக்கு வர்றேன். அந்த 23இல் இருந்த கருவிகள்ல எத்தனை இன்னைக்கு உயிரோட இருக்கு? புத்தகக்குறிகளைச் சேமிக்கற டெலிசியஸ் கைமாறிக் கைமாறிக் கடைசியில 2017இல் புதுசா எதையும் சேர்க்க முடியாத பழைய பெட்டகமா ஆயிடுச்சு. ஆர்எஸ்எஸ் வாசிக்க எல்லாரும் பிற்பாடு போய்ச் சேர்ந்த கூகிள் ரீடரை 2013இல் கூகிளே மூடிடுச்சு. வலைப்பூக்களைத் தேடறதுக்குன்னே இருந்த டெக்னோரட்டி அந்த வேலையையே விட்டுடுச்சு. லைப்ரரிதிங் இருக்கு, யூடியூப் இருக்கு. மத்ததுல சிலது ஞாபகம் மட்டும்தான்.

அப்போ ஒன்பது வாரம் வீணா? பயிற்சிக்குப் பணம் ஒதுக்கற அதிகாரிகள் இதைக் கட்டாயம் கேட்பாங்க. என் பதில், கருவியைக் கத்துக்கொடுத்திருந்தா வீண்தான். அங்க நடந்தது அது இல்ல. டெலிசியஸ்ல இணையப் பக்கங்களுக்குக் குறிச்சொல் போட்டுப் பழகினவர், அதுக்கப்புறம் எந்தத் தளத்துல குறிச்சொல்லைப் பார்த்தாலும் மிரள மாட்டார். இதை அளந்து காட்ட என்கிட்ட அட்டவணை எதுவும் இல்ல. பயிற்சிகள்ல உட்கார்ந்து பார்த்ததை வைச்சுச் சொல்றேன்.

அந்தத் திட்டத்துல ரெண்டாவது வேலையே, கத்துக்கறவங்களுக்கான ஏழரைப் பழக்கங்கள்னு ஒரு சின்னப் பாடத்தைக் கேட்கறது. ஏழரை! நம்ம ஊர்ல அந்த எண்ணைச் சொன்னாலே ஆள் எழுந்து போயிடுவாங்க. கடைசி அரை என்ன தெரியுமா? விளையாடறது.

இதைச் சொல்றப்போ நம்ம சீர்காழிக்காரர் ஒருத்தரைச் சொல்லாம இருக்க முடியாது. எஸ். ஆர். ரங்கநாதன். இந்திய நூலக அறிவியலின் தந்தைன்னு பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகரா நியமிச்சப்போ அவர் ஒரு கணித ஆசிரியர். நூலக வேலை தெரியாது. வந்த கொஞ்ச நாள்லயே சலிச்சுப்போய், திரும்ப வகுப்பறைக்கே போயிடலாம்னு பார்த்தவர். அப்புறம் படிக்க லண்டனுக்கு அனுப்பினாங்க. அங்க செல்ஃப்ரிட்ஜஸ்னு ஒரு பெரிய கடையில மெக்கானோ விளையாட்டுச் சாமான் வைச்சிருந்ததைப் பார்க்கறார். அதே சில துண்டுகள், அதே திருகாணிகள், ஆனா சேர்க்கற விதத்தை மாத்தினா ஒரு தரம் வண்டி, ஒரு தரம் பாலம். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாப் பிரிச்சுச் சேர்க்கலாமேன்னு அவருக்குத் தோணினது அங்கதான். 1933இல் வந்த கோலன் பகுப்பு முறைக்கு விதை அது.

அவருக்கு அப்போ முப்பத்திரண்டு வயசு. பொம்மைக் கடையில நின்னு வேடிக்கை பார்க்க அவருக்கு நேரம் இருந்தது, சம்பளத்தோட, நாட்டுக்கு வெளியில. இன்னைக்கு ஒரு ஊர்ப்புற நூலகருக்கு வாரத்துல ஒரு மணி நேரம் அப்படிக் கிடைக்குமா? தனி ஆளா நூலகத்தை நடத்தறவங்க எத்தனை பேர்! திறக்கறது, பெருக்கறது, அடுக்கறது, பூட்டறது எல்லாம் ஒரே ஆள். அவங்ககிட்ட போய் "டிஜிட்டல் யுகத்துக்கு மாறுங்க"ன்னு மேடையில பேசறது சுலபம்.

சரி, நம்ம ஊருக்கு வர்றேன். நாங்க சில பேர் சேர்ந்து இதை எங்க அளவுல செஞ்சு பார்த்தோம். பெரிய திட்டம் ஒண்ணும் இல்ல, அரசாணை எல்லாம் இல்ல. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு வேலை, வாரத்துக்கு ஒண்ணு. பொது நூலகத்துல இருக்கிறவங்க, கல்லூரி நூலகத்துல இருக்கிறவங்க, ஒரு பள்ளி நூலகர். தொடர்புக்கு வாட்ஸாப் குழு.

குழுவுல நாங்க வைச்ச ஒரே விதி, அதிகாரிகள் யாரும் உள்ள வரக் கூடாது. ஏன்னா அதுக்கு முன்னாடி வேற ஒரு குழுவுல நான் பார்த்திருக்கேன். மேலதிகாரி இருக்கிற குழுவுல கேள்வியே வராது. "காலை வணக்கம் சார்", "நன்றி சார்", கும்பிடு போடற படம், அவ்வளவுதான். எங்க குழுவுல மூணாவது நாளே ஒரு அக்கா குரல் பதிவு போட்டாங்க: "எனக்கு மொபைல்ல தமிழ் அடிக்கவே வராது, எல்லாரும் தங்லீஷ்ல போடறீங்க, அதையும் படிக்க வரல." உடனே இன்னும் நாலு பேர் "எனக்கும்தான்"னு சொன்னாங்க. அரங்கத்துல வைச்சிருந்தா அந்த அக்கா வாயே திறந்திருக்க மாட்டாங்க.

அதனால முதல் வேலையே தமிழ்ல தட்டச்சு. தமிழ்99 சிலருக்குப் பிடிச்சது, சிலருக்குக் குரல்வழித் தட்டச்சுதான் சௌகரியம். அமைதி காக்கவும்னு பலகை மாட்டின இடத்துல நூலகர் மட்டும் போனைப் பார்த்துச் சத்தமாப் பேசிக்கிட்டு இருந்த கதையை எல்லாம் சொல்லிச் சிரிச்சோம்.

அடுத்தது பழைய எழுத்துரு. இது தமிழ் நூலகத்துக்கே உரிய தலைவலி. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி யாரோ கஷ்டப்பட்டு நூலகத்துப் புத்தகப் பட்டியலை வேர்டுலயோ எக்செல்லயோ அடிச்சு வைச்சிருப்பாங்க. வானவில், பாமினி மாதிரி எழுத்துருவுல. திரையில பார்க்கத் தமிழா இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில திறந்தா ஒரே ஆங்கில எழுத்தும் குறியீடுமா இருக்கும், ஏன்னா கணினிக்குள்ள அது தமிழே இல்ல. தேடினா வராது. பல இடத்துல "ஃபைல் கெட்டுப்போச்சு"ன்னு அழிச்சே இருக்காங்க! அது கெட்டுப்போகல. யூனிகோடுக்கு மாத்தித் தர்ற இலவச மென்பொருள் இருக்கு, என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி. எங்க குழுவுல ஒருத்தர் நாலாயிரம் சொச்சம் தலைப்பு இருந்த ஒரு பட்டியலை ஒரு மத்தியானத்துல மாத்தினார். ஒரு வருஷம் உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டியிருந்த வேலை அது.

அப்புறம் தேடறது. இதுல நான் கொஞ்சம் நிதானமாப் போறேன், ஏன்னா இது உங்களுக்கும் பயன்படும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கு. 1998 பொங்கல்ல தொடங்கின மதுரைத் திட்டம் இருக்கு. விக்கிமூலத்துல நாட்டுடைமை ஆக்கின நூல்கள் நிறைய இருக்கு. ஈழத்துப் புத்தகம், இதழ், பத்திரிகைக்கு நூலகம் தளம். ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா. எல்லாமே இலவசம். ஆனா நம்ம ஆட்கள் ஒரு தரம் தேடி, வரலேன்னா "இல்ல"ன்னு சொல்லிடறாங்க. பெரும்பாலும் புத்தகம் இருக்கும். தேடற விதம்தான் பிரச்சினை.

ஒற்று ஒரு காரணம். 'மருத்துவச் சுவடி'ன்னு பதிவு பண்ணியிருப்பாங்க, நீங்க 'மருத்துவ சுவடி'ன்னு அடிப்பீங்க. இல்லேன்னா அங்க சேர்த்து எழுதியிருப்பாங்க, நீங்க பிரிச்சு எழுதுவீங்க. பழைய பதிப்புன்னா தலைப்புலயே ஒரு பத்து வார்த்தை இருக்கும். அதனால முழுத் தலைப்பை அடிக்காதீங்க. நடுவுல இருக்கிற, மாறாத ஒரு சொல்லைப் பிடிங்க. அதுவும் வரலேன்னா ஆசிரியர் பேரோட ஒரு பகுதி.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்கள்ல இன்னொரு வேடிக்கை. வேர்ல்ட்கேட்லயும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துலயும் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்துல மாத்தி வைச்சிருப்பாங்க, அதுக்குன்னு ஒரு விதி இருக்கு. அந்த விதியில நம்ம 'ச' எப்பவும் ஆங்கில 'சி'. 'எஸ்' கிடையாது, 'சிஹெச்' கிடையாது. 'ழ'வுக்கு நாம போடற 'இசட் ஹெச்' கிடையாது, 'எல்'லுக்குக் கீழ ஒரு கோடு. சிலப்பதிகாரம்னு தேடணும்னா சி-ஐ-எல்-ஏ-பி-பி-ஏ-டி-ஐ-கே-ஏ-ஆர்-ஏ-எம். 'எஸ்'ல ஆரம்பிச்சா ஆங்கில மொழிபெயர்ப்பு வரலாம், தமிழ்ப் பதிப்புகள் பல தப்பிப் போயிடும். மேல கீழ இருக்கிற கோட்டையெல்லாம் விட்டுட்டு வெறும் எழுத்தைப் போட்டாலே பெரும்பாலும் கிடைக்கும். இதை ஒரு கல்லூரி நூலகர்கிட்ட சொன்னப்போ, "பதினஞ்சு வருஷமா 'எஸ்' போட்டே தேடிக்கிட்டிருந்தேன், யாரும் சொல்லவே இல்லையே"ன்னார். நூலக அறிவியல் பட்டம் வாங்கினவர். பாடத்திட்டத்துல தமிழ்ப் புத்தகத்தைத் தேடறது எப்படின்னு எங்க இருக்கு?

அந்த அக்காவைப் பத்திச் சொன்னேன் இல்லையா, தட்டச்சு வராதுன்னு சொன்னவங்க. அவங்க கிளைக்குத் தினமும் பேப்பர் படிக்க வர்ற ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற தபால்காரர். அவங்க அப்பா காலத்துல வீட்டுல ஒரு மருத்துவப் புத்தகம் இருந்துச்சாம், வெள்ளத்துல போயிடுச்சு. தலைப்பு பாதிதான் ஞாபகம். ரொம்ப நாளா அவங்ககிட்ட கேட்டுக்கிட்டே இருப்பார், அவங்களும் "இங்க இல்லைங்கய்யா"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஒரு சனிக்கிழமை அக்கா ஒரு சொல்லை மட்டும் போட்டு, ஒற்றை எடுத்து, சேர்த்து, பிரிச்சு, ஏழெட்டு தரம் தேடியிருக்காங்க. மின்னூலகத்துல வருடி வைச்ச பக்கமா அது வந்துடுச்சு. பெரியவர் அவங்க போன்லயே, கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, இதுதான் இதுதான்னு சொல்லியிருக்கார். அன்னைக்கு ராத்திரி குழுவுல அக்கா போட்ட குரல் பதிவு நாலு நிமிஷம். தமிழ்ல தட்டச்சு பண்ணியும் ஒரு வரி போட்டிருந்தாங்க, எழுத்துப் பிழையோட. யாரும் திருத்தல.

எல்லா வேலையும் இப்படி நல்லாப் போச்சுன்னு நினைக்காதீங்க. கோஹான்னு ஒரு நூலக மென்பொருள். நியூசிலாந்துல ஹோரோவெனுவான்னு ஒரு சின்ன மாவட்டத்து நூலகத்துக்காக 1999இல் எழுதினது. 2000ஆம் வருஷம் பிறந்தா பழைய மென்பொருள் வேலை செய்யாதுன்ற பயத்துல, புதுசா எழுதி எல்லாருக்கும் இலவசமா விட்டாங்க. மாவோரி மொழியில கோஹான்னா அன்பளிப்பு. கதை நல்லா இருக்கு, மென்பொருளும் நல்லது, நம்ம கல்லூரிகள் நிறைய பயன்படுத்தறாங்க. ஆனா அதை ஒரு வாரத்து வேலையா வைச்சது பொருந்தல. சர்வர், மின்சாரம், பார்கோடுன்னு ஏகப்பட்டது தேவை. பொது நூலகத்துக்காரங்க "இது எங்களுக்கு எதுக்கு"ன்னாங்க, சரியாத்தான் சொன்னாங்க. தன் மேசையில நாளைக்கே பயன்படாத கருவியை யாரும் கத்துக்க மாட்டாங்க. எடுத்துட்டோம்.

அந்த இடத்துல அவங்களே கேட்டு வாங்கிச் சேர்த்தது வேற ஒண்ணு. நூலகத்துக்கு வர்ற பசங்க, பெண்கள், போட்டித் தேர்வுக்கு ஆன்லைன்ல விண்ணப்பிக்க நூலகரைத்தான் கேட்கறாங்க. "சார், நீங்களே பண்ணிக் கொடுத்திடுங்க"ன்னு போனையும் ஆதார் அட்டையையும் மேசையில வைச்சிடறாங்க. நூலகருக்கும் உதவணும்னு ஆசை. ஆனா அந்த போன்ல ஓடிபி வரும், நூலகத்துக் கணினியில அவங்க மின்னஞ்சல் திறந்தே கிடக்கும், அடுத்து உட்கார்றவர் அதைப் பார்ப்பார். ஏதாவது ஆனா கடைசியில யார் மேல பழி வரும்? குழுவுல பேசி நாங்களே ஒரு வழக்கம் வைச்சுக்கிட்டோம். விசைப்பலகை வாசகர் கையிலதான். நூலகர் பக்கத்துல நின்னு சொல்லலாம், அடிக்கக் கூடாது. ஓடிபியை வாயால சொல்லச் சொல்லக் கூடாது. பிரைவேட் விண்டோல திறக்கணும், முடிஞ்சதும் வெளியேறி, டவுன்லோடு ஆன ஆதார் நகலை, ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து, அழிக்கணும். இதை ஒரு தாள்ல பெரிசா எழுதிக் கணினிக்கு மேல ஒட்டினவங்க இருக்காங்க. நேரம் அதிகமாகுது, உண்மைதான். ஆனா ரெண்டாவது தரம் வர்றப்போ அந்தப் பொண்ணு தானே பண்ணிக்கும்.

இப்ப புதுசா வந்திருக்கிறது சாட்ஜிபிடி மாதிரியான செயற்கை அறிவு. மாணவர்கள் அது கொடுத்த புத்தகப் பட்டியலை எடுத்துக்கிட்டு வர்றாங்க. ஆசிரியர் பேர் இருக்கும், பதிப்பகம் இருக்கும், ஆண்டு இருக்கும். புத்தகம்தான் இருக்காது! அப்படி ஒண்ணு வெளியானதே கிடையாது. உண்மையான எழுத்தாளர் பேருக்குப் பக்கத்துல அவர் எழுதாத தலைப்பை வைச்சிருக்கும், அதனாலதான் ஏமாறுவாங்க. நூலகர் "எங்ககிட்ட இல்ல"ன்னு சொன்னா அந்த மாணவர் நூலகத்துல வசதி இல்லேன்னு நினைச்சுட்டுப் போவார். "இப்படி ஒரு புத்தகமே இல்லப்பா"ன்னு நிச்சயமாச் சொல்லணும்னா நாலு பட்டியல்ல தேடத் தெரிஞ்சிருக்கணும். 'எஸ்'ஸுக்குப் பதிலா 'சி' போடத் தெரிஞ்சிருக்கணும். இந்த வேலை இனிமே நூலகர்களுக்குக் குறையாது, கூடத்தான் போகுது.

பன்னிரண்டு பேர்ல முடிச்சது ஏழு பேர். விட்டுப்போனவங்கள்ல ரெண்டு பேர் சொன்ன காரணம் ஒண்ணுதான்: நேரம் இல்ல. வீட்டுக்குப் போனா சமையல், பிள்ளைகள். நூலகத்துல இருந்தா பதிவேடு. அவங்க சோம்பேறிகள் இல்ல. சார்லட்ல பணியாளர்கள் அந்த 23ஐயும் வேலையோட ஒரு பகுதியாச் செய்யலாம்னு நிர்வாகமே சொல்லியிருந்தது. இங்க அது சொந்த நேரத்துல, சொந்த போன்ல, சொந்த டேட்டாவுல நடந்தது. இந்த வித்தியாசத்தை நாங்க எந்த உற்சாகத்தாலயும் ஈடுகட்ட முடியாது.

அதனால இதைக் கேட்கற அதிகாரிகள், கல்லூரி முதல்வர்கள் யாராவது இருந்தா, நான் கேட்கறது புதுக் கணினி இல்ல, புது அரங்கம் இல்ல. வாரத்துல ஒரு மணி நேரம். வேலை நாள்ல, வேலை நேரத்துல, "இந்த ஒரு மணி நேரம் இவர் கத்துக்கற நேரம்"னு எழுத்துல கொடுத்துடுங்க. தனி ஆள் நடத்தற கிளைன்னா, மாசத்துல ஒரு நாள் பக்கத்துக் கிளைக்குப் போய் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார அனுமதி கொடுங்க. அந்த நேரத்துக்கு அறிக்கை கேட்காதீங்க, போட்டோ கேட்காதீங்க.

நூலகர்கள் கேட்டுக்கிட்டு இருந்தா, அனுமதி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கூச்சப்படாமக் கேட்கக்கூடிய ஒரே ஒரு ஆளைப் பிடிங்க, ரெண்டு பேர் போதும். உங்க வாசகர் கடைசியாக் கேட்டு நீங்க "இல்ல"ன்னு சொன்ன புத்தகத்தை இந்த வாரம் மறுபடி தேடுங்க, ஒற்றை எடுத்துட்டு.

எங்க பன்னிரண்டு வேலைகளோட பட்டியலை, கோஹாவை எடுத்துட்டு, யார் கேட்டாலும் அனுப்பறேன். உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. மாத்தினதை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த அத்தியாயத்துல பள்ளி நூலகங்களைப் பத்தி அந்தப் பள்ளி நூலகரே வந்து பேசறார்.